41 சதவீதம்

அந்த சர்வரில் அலர்ட் வைத்தது நான்தான். ஒரு வெள்ளிக்கிழமை மதியம், பிரியாணி சாப்பிட்ட மயக்கத்தில், அரை மணி நேர வேலை. ப்ரொமிதியஸ் போட்டு, நோடு எக்ஸ்போர்ட்டரை ஓடவிட்டு, எங்கிருந்தோ இறக்கிய ஒரு டாஷ்போர்டை கிராஃபானாவில் ஏற்றினேன். சிபியு, மெமரி, டிஸ்க் மூன்றுக்கும் 80 சதவீதம் தாண்டினால் கத்து என்று நானே எழுதினேன். கூடவே நோடு எக்ஸ்போர்ட்டருக்கென்று யாரோ எழுதி வைத்திருந்த அலர்ட் விதிகளையும் வாசிக்காமலே சேர்த்துக்கொண்டேன்.

டீமுக்குப் புதிதாக வந்திருந்த பெண் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். “ஏன்ணா 80?”

“எல்லாரும் அப்படித்தான் வைப்பாங்க.”

அன்று இரவே கத்த ஆரம்பித்தது. லினக்ஸ் சும்மா கிடக்கிற மெமரியைச் சும்மா விடாது. டிஸ்கில் படித்த ஃபைல்களை அதில் தேக்கி வைத்துக்கொள்ளும். வேறு யாருக்காவது தேவை என்றால் காலி செய்து கொடுத்துவிடும். அதனால் ‘ஃப்ரீ’ என்ற எண் எப்போதும் சின்னதாகத்தான் இருக்கும். நிஜமாக எவ்வளவு கிடைக்கும் என்று சொல்வதற்காகவே 2014இல் கர்னலில் ‘அவைலபிள்’ என்று தனியாக ஓர் எண்ணைச் சேர்த்தார்கள். நான் ஃப்ரீயை வைத்துக் கணக்குப் போட்டிருந்தேன்.

இன்னொன்று லோட் ஆவரேஜ். இரவு 2 மணிக்கு பேக்கப் ஓடும்போது நாலு கோர் மெஷினில் 9 என்று காட்டும். பயப்பட ஒன்றுமில்லை. லினக்ஸில் அந்தக் கணக்கில் சிபியுவுக்காக நிற்கிறவர்கள் மட்டுமல்ல, டிஸ்குக்காகக் காத்திருக்கிற ப்ராசஸ்களும் சேர்த்தி. ரேஷன் கடை வரிசையில் நிற்பவர்களோடு, சரக்கு லாரி வரட்டும் என்று திண்ணையில் உட்கார்ந்திருப்பவர்களையும் சேர்த்து எண்ணுகிற மாதிரி. இதெல்லாம் இப்போது தெரியும். அப்போது தெரிந்தது, தினமும் 2 மணிக்கு போன் அடிக்கிறது என்பது மட்டும்தான். மகளுக்கு நாலு மாதம். அவள் கண் அசருவதே அந்த நேரத்தில்தான்.

மூன்றாவது வாரம் அலர்ட்மேனேஜரில் சைலன்ஸ் போட்டேன். ஒரு விதிக்கு இல்லை, அந்த மெஷினில் இருந்து வரும் எல்லாவற்றுக்கும். ஒரு வருடத்துக்கு. யாரிடமும் சொல்லவில்லை. பிறகு சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன், நினைத்ததை மறந்தும்போனேன்.

அந்த சர்வர் சென்னைக்கு வடக்கே ஒரு சரக்கு யார்டுக்கு கேட் பாஸ் அச்சிட்டுக் கொடுப்பது. பாஸ் இல்லாமல் லாரி வெளியே போகாது. எட்டு மாதம் கழித்து ஒரு ஞாயிறு இரவு 1 மணிக்கு பாஸ் வருவது நின்றது. ஆன்-கால் அவள். லாகில் டிஸ்கில் இடமில்லை என்று இருந்திருக்கிறது. டாஷ்போர்டில் டிஸ்க் 41 சதவீதம், பச்சை நிறம். எதை நம்புவாள்? ரீஸ்டார்ட் செய்தாள், மறுபடி செய்தாள், டேட்டாபேஸை நோண்டினாள். யார்டிலிருந்து தக்காளி ஏற்றிய லாரி டிரைவர் ஒருவர் சூப்பர்வைசரின் போனைப் பிடுங்கி அவளிடம் கத்தியிருக்கிறார். மூன்றரைக்கு என்னைக் கூப்பிட்டாள். குரல் உடைந்திருந்தது.

தீர்ந்தது இடமல்ல, ஐநோடு. ஒவ்வொரு ஃபைலுக்கும் ஒரு ஐநோடு வேண்டும். இஎக்ஸ்டி4இல் அதன் எண்ணிக்கை டிஸ்கை ஃபார்மட் செய்யும்போதே முடிவாகிவிடும், வழக்கமாக 16 கேபிக்கு ஒன்று. எங்கள் 40 ஜிபி டிஸ்கில் சுமார் 26 லட்சம். புரோகிராம் ஒவ்வொரு பாஸுக்கும் சில குட்டி தற்காலிக ஃபைல்களை உருவாக்கி, அழிக்காமல் விட்டிருந்தது. பொட்டலம் எவ்வளவு சின்னதாக இருந்தாலும் பதிவேட்டில் ஒரு வரி போகும். பதிவேடு தீர்ந்துவிட்டது, கிடங்கில் பாதிக்கு மேல் காலி. நான் டாஷ்போர்டில் வைத்திருந்தது கிடங்கை மட்டும். அழிக்கவும் சுலபமில்லை; ஆர்எம் போட்டால் பட்டியல் ரொம்ப நீளம் என்று மறுத்தது. ஃபைண்ட் வைத்து அழித்து முடிக்க விடிந்துவிட்டது.

பிறகு ப்ரொமிதியஸில் தோண்டினேன். 15 நொடிக்கு ஒருமுறை ஐநோடு எண்ணிக்கையை அது எடுத்துக்கொண்டேதான் இருந்திருக்கிறது. பழைய தரவை 15 நாளுக்குத்தான் வைத்திருக்கும். அந்த 15 நாளும் கோடு வெயில்காலக் கிணறு மாதிரி நேராக இறங்கியிருந்தது. நான் வாசிக்காமல் சேர்த்த விதிகளில் ஐநோடுக்கும் ஒன்று இருந்தது. மீதி 5 சதவீதத்துக்குக் கீழே போனதும், பல நாள் முன்பே அது கத்தியிருக்கிறது, என் சைலன்ஸுக்குள்.

திங்கள்கிழமை ரிப்போர்ட்டில் “அலர்ட் வந்து சேரவில்லை” என்று எழுதினேன். மழை வரவில்லை என்பது போல. மேனேஜர் அதைப் படித்துவிட்டு, இரண்டரை மணி நேரம் என்ன செய்தாய் என்று அவளைத்தான் கேட்டார். நான் அதே அறையில் இருந்தேன்.

அந்த வாரம் சைலன்ஸை எடுத்தேன். ஒவ்வொரு விதியாக, இது வந்தால் எழுந்து என்ன செய்வேன் என்று கேட்டு, ஒன்றும் செய்யமாட்டேன் என்றால் அழித்தேன். ஆறு மிஞ்சின. டிஸ்குக்கும் ஐநோடுக்கும் எவ்வளவு நிரம்பியது என்று கேட்பதை விட்டு, போகிற வேகத்தில் நாலு நாளில் தீருமா என்று கேட்க வைத்தேன். ப்ரெடிக்ட் லீனியர் என்று அதற்கு ஒரு ஃபங்ஷனே இருக்கிறது. இதையெல்லாம் செய்ய தைரியம் தேவைப்படவில்லை. அவளிடம் போய்ச் சொல்வதற்கு மூன்று வாரம் ஆனது.

“தெரியும்ணா,” என்றாள். “அன்னிக்குக் காலைலயே பார்த்தேன்.”

சைலன்ஸ் போடும்போது போடுகிறவர் பெயரும் காரணமும் கேட்கும். பெயர் என்னுடையது. காரணம் என்ற இடத்தில் ‘சத்தம்’ என்று எழுதியிருந்தேன்.

“ஏன் சொல்லல?”

“நீங்க சொல்வீங்கன்னு பார்த்தேன்.”

அன்று மாலையே ரிப்போர்ட்டைத் திருத்தி மேனேஜருக்கு அனுப்பினேன். அவளுடைய அப்ரைசல் அதற்கு முந்தின வாரமே முடிந்திருந்தது.