எட்டு மணிக் குரல்

கச்சிராயபாளையத்துக்கு நீங்கள் வந்திருக்க வாய்ப்பு குறைவு. கள்ளக்குறிச்சியிலிருந்து பஸ் ஏறினால் வழியெல்லாம் கரும்பு. அப்புறம் சர்க்கரை ஆலை, கோமுகி அணை, அதற்குப் பின்னால் சுவர் எழுப்பின மாதிரி கல்வராயன் மலை. அருவி பார்க்கப் போகிறவர்கள் இங்கே டீ குடித்துவிட்டு மேலே போவார்கள். எங்களுக்கு அந்த மலைதான் அழகு, அந்த மலைதான் தொந்தரவு.

தொந்தரவு, செல்போன் விஷயத்தில். என் அண்ணன் மகன் வெள்ளிமலையைத் தாண்டி ஒரு பள்ளிக்கூடத்தில் வாத்தியார். குடும்பத்தோடு மேலேயே ஜாகை. பஸ் கொண்டை ஊசி வளைவில் ஏற ஆரம்பித்ததும் சிக்னல் இறங்கிவிடும். நல்ல நாளில் அவன் வீட்டுத் திண்ணையில் ஒரு மூலையில் நின்றால் பேசலாம். மழை வந்தால் கரன்ட் போகும். கரன்ட் போனால் கொஞ்ச நேரத்தில் டவரும் போகும். அன்றைக்கெல்லாம் அண்ணி சாப்பிட மாட்டார். நேராகச் சொல்ல மாட்டார், "பசியில்லை" என்பார்.

இந்தக் குடும்பப் பிரச்னைக்கு ஹாம் ரேடியோ மருந்தாகும் என்று நான் முதலில் நினைக்கவில்லை. 2016-ல் ஓய்வு பெற்ற கையோடு பொழுதுபோக்காகத்தான் லைசென்ஸ் எடுத்தேன்.

காசு வாங்காமல், சொந்த ஆர்வத்துக்காக, அரசாங்க லைசென்ஸோடு வயர்லெஸ் செட்டில் பேசுகிறவர்களுக்கு ஹாம் என்று பெயர். ராஜீவ் காந்தி ஒரு ஹாம். அவருடைய அழைப்புக் குறி வி.யு.2 ஆர்.ஜி. நம் ஊருக்கும் இதில் பழைய பாத்தியதை உண்டு. 1924-ல் சி.வி.கிருஷ்ணசாமி செட்டி சென்னையில் ஒரு ரேடியோ கிளப் ஆரம்பித்து, அந்த வருஷம் ஜூலையிலேயே ஒலிபரப்பும் நடத்திவிட்டார். ஆல் இண்டியா ரேடியோ என்ற பெயரே 1936-ல்தான் வந்தது. கிளப் 1927-ல் பணமில்லாமல் மூடப்பட்டது. அதன் டிரான்ஸ்மிட்டர் மாநகராட்சி கைக்குப் போய், 1930-லிருந்து மறுபடி பாடியது.

லைசென்ஸுக்குப் பரீட்சை உண்டு. கொஞ்சம் எலெக்ட்ரானிக்ஸ், கொஞ்சம் சட்டம். 12 வயதிலிருந்து எழுதலாம். எனக்குப் பக்கத்தில் ஒரு எட்டாங்கிளாஸ் பையன். எனக்கு ரொம்ப முன்னாலேயே பேப்பரைக் கொடுத்துவிட்டு, "ஆல் த பெஸ்ட் தாத்தா" என்று போனான். ஜெனரல் கிரேடு வேண்டுமென்றால் நிமிஷத்துக்கு 8 வார்த்தை வேகத்தில் மோர்ஸ் தெரிய வேண்டும். ரெஸ்ட்ரிக்டட் கிரேடுக்கு அது வேண்டாம். நான் இரண்டாவது ஜாதி.

பிறகு விசாரணைக்கு ஏட்டு வந்தார்.

"இதுல என்னதான் சார் பேசுவீங்க?"

"ஆன்டெனா பத்தி, மழை பத்தி..."

"வேற?"

"வேற பேசக்கூடாதுங்க. வியாபாரம், அரசியல் எதுவும் கூடாது. மூணாவது மனுஷன் சேதியைக்கூட வாங்கிச் சொல்லக்கூடாது. வெள்ளம், புயல் மாதிரி ஆபத்து வந்தா மட்டும் சொல்லலாம்."

"இதுக்கா பரீட்சை எழுதினீங்க?" என்று டீயை முடித்துக்கொண்டு கிளம்பினார்.

அண்ணன் மகனுக்கு மலைமேல் போஸ்டிங் ஆனதும் அவனையும் பரீட்சை எழுத வைத்தேன். லைசென்ஸ் வந்தவுடன் பையன் அவசரப்பட்டான். "சித்தப்பா, கைக்குள்ள அடங்குற செட்டு, ரெண்டு வாங்கிடலாம். ரொம்ப சீப்பு." சீப்புதான். அதனால்தான் லைசென்ஸ் என்றால் என்னவென்றே தெரியாதவர்களும் வாங்கினார்கள். வாக்கி டாக்கிகளை முறைப்படி விவரம் சொல்லாமல் விற்றதற்காக 2025 மே மாதம் இணையக் கடைகளுக்கு மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் நோட்டீஸ் அனுப்பியது. லைசென்ஸ் இருக்கிற எங்களுக்கோ சிக்கல் வேறு. கையடக்க செட்டின் சக்தி 5 வாட். எதிரே நிற்பது மலை.

எங்களுக்குத் தோதுப்பட்டது டூயல் பேண்ட் மொபைல். மொபைல் என்றவுடன் செல்போனை நினைக்காதீர்கள். ஜீப்பில், காரில் பொருத்துவதற்காகச் செய்த செட் இது. ஒரு தடி அகராதி சைஸ். சக்தி 50 வாட் வரை. டூயல் பேண்ட் என்றால் இரண்டு அலைவரிசைக் கூட்டங்களில் வேலை செய்யும். இந்தியாவில் ஹாம்களுக்கு 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை ஒன்று. அலையின் நீளம் சுமார் இரண்டு மீட்டர் என்பதால் அதற்கு '2 மீட்டர்' என்றே பெயர். இன்னொன்று 434 முதல் 438 வரை, '70 சென்டிமீட்டர்'. எல்லாவற்றையும்விட முக்கியம், இந்த செட்டுக்கு வீட்டுக் கரன்ட் வேண்டாம். 12 வோல்ட் கார் பேட்டரி போதும்.

யேசு, ஐகாம், கென்வுட் என்று ஜப்பான்காரர்கள் பெயர் போனவர்கள். ('யேசு' என்றதும் அண்ணி கன்னத்தில் போட்டுக்கொண்டார்.) புது செட்டுக்கு எங்கள் பட்ஜெட் தாங்காது. லைசென்ஸ் உள்ள ஒரு பழைய ஹாமிடமிருந்து உபயோகித்த செட் இரண்டு வாங்கினோம். வாங்குமுன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இரண்டு பேண்டையும் ஒரே நேரத்தில் கேட்குமா, மாற்றி மாற்றித்தான் கேட்குமா? முகப்பைத் தனியே கழற்றி வைக்க முடியுமா? கையேடு கூட வருகிறதா? கடைசிக் கேள்விதான் முதல் கேள்வி. கையேடு இல்லாத செட், திறவுகோல் இல்லாத பீரோ.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லும் இன்னொரு புத்தி: செட்டில் மிச்சம் பிடித்து, ஆன்டெனாவிலும் கேபிளிலும் போடு. சன்னமான ஆர்.ஜி.58 கேபிளை 10 மீட்டர் இழுத்தால், 70 சென்டிமீட்டர் பேண்டில் உங்கள் சக்தியில் பாதிக்கு மேல் கேபிளே சாப்பிட்டுவிடும். ஆன்டெனாவோ பரம சாது. சுமார் 49 சென்டிமீட்டர் கம்பி ஒன்று 2 மீட்டருக்குக் கால் அலை நீளம். 145-ஐ மூன்றால் பெருக்கினால் 435 வருகிறதல்லவா, அதனால் அதே கம்பி இன்னொரு பேண்டுக்கு முக்கால் அலையாகி அதிலும் வேலை செய்யும். ஒரு கம்பி, இரண்டு உத்தியோகம்.

செட்டைப் பழகுவதற்கு ஒரு மாசம் ஆனது. மெனுவுக்குள் மெனு. ஆள் பேசாதபோது இரைச்சலை அடக்கி வைக்க ஸ்க்வெல்ச். அதை அதிகம் திருகினால் மெல்லிய குரலையும் சேர்த்து அடக்கிவிடும். மலையுச்சி ரிப்பீட்டர்கள் கதவைத் திறக்க 'டோன்' என்ற காதுக்குப் புலப்படாத ஒரு கடவுச்சொல். மைக்கில் பட்டனை அமுக்கி, ஒரு வினாடி பொறுத்து, பிறகுதான் பேச வேண்டும். முடித்ததும் 'ஓவர்'. அவர் முடிக்கும்வரை நீங்கள் பேச முடியாது. எங்கள் குடும்பத்துக்கு இது புது அனுபவம்.

அப்புறம் பரீட்சை பார்த்தோம். நான் கீழே மாடியில், அவன் மேலே திண்ணையில். 70 சென்டிமீட்டரில் மயான அமைதி. 2 மீட்டரில் இரைச்சலுக்கு அடியில் ஏதோ முனகல். காரணம் உண்டு. இந்த அலைகள் வெளிச்சம் மாதிரி, பெரும்பாலும் நேர்க்கோட்டில் போகிறவை. ஆனால் மலையின் விளிம்பில் பட்டால் கொஞ்சம் மறுபக்கம் வழியும். அலை நீளமாக இருந்தால் வழிவது சற்றுக் கூடுதல். ஆக, 2 மீட்டரில் வழி இருந்தது. அந்த முனகலைப் பேச்சாக்குவதற்குத்தான் 50 வாட்டும் நல்ல ஆன்டெனாவும். அலுமினியக் குழாயை அளந்து அறுத்து, பி.வி.சி. பைப்பில் மாட்டி, இருவரும் ஆளுக்கொரு யாகி ஆன்டெனா செய்தோம். பழைய டி.வி. ஆன்டெனாவின் தம்பி. ஒருவர் பட்டனை அமுக்க, மற்றவர் ஆன்டெனாவை விரற்கடை விரற்கடையாகத் திருப்ப, மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை குரல் வந்தது. "சித்தப்பா, கேக்குதா? ஓவர்." தினமும் ராத்திரி எட்டு மணி என்று பேசிக்கொண்டோம்.

அந்த வாரம் இன்னொரு வேடிக்கை. சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஹாம்களுக்காக ஒரு ரிப்பீட்டர் இருக்கிறது. 2020 செப்டம்பரில் ஓட ஆரம்பித்தது. 145.990-ல் பேசினால் வாங்கி 437.800-ல் திருப்பி அனுப்பும். இரண்டு பேண்டும் வேண்டும். (நம் இஸ்ரோவும் 2005-ல் ஹாம்சாட் என்று ஒரு குட்டி செயற்கைக்கோளை இதே வேலைக்காக அனுப்பியது, 2014 வரை உழைத்தது.) கோமுகி அணைக் கரையில் ஒரு சாயங்காலம் செட்டைத் திறந்து வைத்தேன். 400 கிலோமீட்டர் உயரத்திலிருந்து யாரோ ஒருவர் அழைப்புக் குறி சொன்னது, பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரி தெளிவாகக் கேட்டது. நடுவில் மலை இல்லையே! கச்சிராயபாளையத்துக்கு ஆகாயம் கிட்டே, வெள்ளிமலை தூரம்.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தது. கடந்தும் போகாமல் அங்கேயே நின்று கொட்டியது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. கரன்ட் இல்லை. கீழே செல்போன் விட்டு விட்டு வேலை செய்தது. மேலே அடித்தால் 'தொடர்பு எல்லைக்கு அப்பால்' என்றது. அண்ணிக்குப் பசியில்லை.

எட்டு மணிக்கு மெழுகுவத்தி வெளிச்சத்தில் செட்டை கார் பேட்டரியில் கொடுத்தேன். ஸ்க்வெல்ச்சை முழுக்கத் திறந்தேன். இரைச்சல்தான். எட்டு இரண்டு. எட்டு ஐந்து. காற்றில் அவன் ஆன்டெனா திரும்பியிருக்கலாம், விழுந்தே இருக்கலாம். அண்ணி செட்டைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எட்டு பத்துக்கு வந்தது. "சித்தப்பா... ஆன்டெனாவைக் கையில புடிச்சிட்டு நிக்கிறேன்... எல்லாரும் நல்லா இருக்கோம். ரோட்டுல மரம் விழுந்திருக்கு, பஸ் வராது. ஓவர்."

பிறகு ஒரு சேதி. அவன் பக்கத்து வீட்டில் ஒரு பெண்ணுக்கு எட்டாம் மாசம். சின்னசேலத்தில் இருக்கிற அவளுடைய அம்மாவுக்கு, 'பயப்பட வேண்டாம், வலி இல்லை, நர்ஸ் பக்கத்திலேயே இருக்கிறார்' என்று சொல்ல வேண்டும். ஏட்டிடம் நான் ஒப்பித்த அந்த 'ஆபத்து வந்தா மட்டும்' இதுதான். நம்பரை இரண்டு தடவை திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டேன். நாலாவது முயற்சியில் செல்போன் கிடைத்தது. அந்தம்மா எதுவும் பேசவில்லை. கொஞ்ச நேரம் அழுகைச் சத்தம். அப்புறம், "நீங்க யாருங்க?" என்றார். ஹாம் ரேடியோவை விளக்குகிற நேரமா அது? "மலையடிவாரத்துல இருக்கேம்மா" என்றேன்.

எந்த செட் நல்ல செட் என்று நண்பர்கள் கேட்கிறார்கள். வாட் சொல்லலாம், விலை சொல்லலாம். ஆனால் ஒரு செட் மட்டும் இருந்தால் அது பொம்மை. மறுமுனையில் ஒரு ஆள், சொன்ன நேரத்துக்கு, மழையில் ஆன்டெனாவைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். முதலில் அந்த ஆளைத் தேடுங்கள். செட்டைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

ஹாம்கள் பேச்சை முடிக்கும்போது '73' என்பார்கள். அன்பும் வாழ்த்தும் என்று அர்த்தம். தந்தி காலத்துச் சுருக்கு. அண்ணிக்கு மைக்கைக் கொடுக்க முடியாது, லைசென்ஸ் இல்லை. அதனால் நான் முடிக்கும்போது பின்னாலிருந்து தவறாமல் ஞாபகப்படுத்துவார்:

"எழுபத்திமூணு சொல்லிட்டியா?"