பாவு நூலில் ஒரு வான்வழி

அனகாபுத்தூரில் எங்கள் வீட்டுத் தறிச் சத்தத்தை அமுக்குவது ஒரே சத்தம்தான்: மீனம்பாக்கத்திலிருந்து மேற்கே எழும்பும் விமானம். அம்மா நாடாவை நிறுத்திவிட்டு அண்ணாந்து பார்ப்பாள். அக்கா லண்டன் போன பிறகு அந்தப் பார்வையோடு ஒரு கேள்வியும் சேர்ந்துகொண்டது: “இப்ப எங்கடா இருப்பா?”

அதற்குப் பதில் சொல்லத்தான் ஃப்ளைட் சிமுலேட்டர் பழகினேன். சுவர் வரைபடத்தில் ஸ்கேல் வைத்தால் கோடு அரபு நாடுகள் வழியாகப் போனது. அது தப்பு. உலக உருண்டையில் சென்னைக்கும் லண்டனுக்கும் நடுவே இறுக்கிப் பிடிக்க அம்மாவிடம் ஒரு பாவு நூல் கேட்டேன். நூல் வடக்கே ஏறிற்று. நாசிக் பக்கம், சிந்து, ஈரான், காஸ்பியன் கடல், அசோவ் கடல், உக்ரைன், போலந்து. அதே நூலைப் பூமத்திய ரேகைமேல் கிடத்தினால் 74 பாகை. பாகைக்கு 60 கடல் மைல், மொத்தம் 4,440.

35,000 அடியில் மாக் 0.85 என்றால் ஏறக்குறைய 490 நாட், அதாவது மணிக்கு 490 கடல் மைல். வகுத்தால் ஒன்பது மணி நேரம். அதோடு நிறுத்துகிறவர்கள்தான் அதிகம், காற்றை மறந்துவிடுகிறார்கள். மேற்கே போனால் எதிர்க்காற்று. சராசரியாக 40 நாட் கழித்தாலே பத்து மணி நேரத்தைத் தொடும். ஏறி இறங்க இன்னும் அரை மணி.

ஒருமுறை அக்காவின் விமானம் விடியற்காலையில் கிளம்பிய அதே நேரத்துக்கு நானும் கணினியில் கிளம்பினேன். பம்மல், பொழிச்சலூர் கூரைகள், கோடுபோல் அடையாறு, பிறகு மேகம். பத்து மணி வாக்கில் அம்மா காபி டம்ளரோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். திரை முழுக்க நீலம்.

“என்னடா, கடலா?”

“காஸ்பியன்மா. சரிபாதி வந்தாச்சு.”

“தூங்கியிருப்பாளா?”

அதற்கு என்னிடம் கணக்கு இல்லை. கரை தெரியும்வரை அம்மா எழுந்திருக்கவில்லை. அன்று தறி மதியத்துக்கு மேல்தான் ஓடிற்று.



நூல் காட்டிய அந்த நேர்வழியில் இன்று யாரும் பறக்க முடியாது. 2022 பிப்ரவரி 24 முதல் உக்ரைன் வானில் பயணிகள் விமானம் இல்லை. ரஷ்ய வான் பிரிட்டிஷ் விமானங்களுக்கு மூடப்பட்டது. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் இந்திய விமானங்களுக்கு வழியடைத்தது. சிமுலேட்டரிலோ எல்லா வானமும் திறந்தே கிடக்கிறது. போர் நடக்கும் ஊருக்கு மேலே நேராகப் பறந்துவிட்டு நேரம் சரியாக வந்ததென்று சொல்வதை என்னால் ஏற்க முடியாது. மூடிய வானத்தைச் சுற்றித்தான் போகிறேன். கூடுதல் எரிபொருளையும் கணக்கில் சேர்க்கிறேன்.

போன தடவை அக்கா கிளம்பியபோது உருண்டையில் துருக்கிமேல் ஒரு குண்டூசி குத்தி, பழைய நூலை அதைச் சுற்றி வளைத்தேன். லண்டனுக்கு எட்டவில்லை. அம்மா தறியிலிருந்து இன்னொரு இழை அறுத்து வந்து, முடிச்சுப் போட்டாள்.