லிவர்பூலில் ஒரு பாட்டு ஹோட்டல்

பாட்டுக்காகவே ஒரு ஹோட்டல் கட்டுவார்களா? இங்கிலாந்தில், லிவர்பூல் நகரத்தின் நார்த் ஜான் தெருவில் இருக்கிறதே! 'ஹார்ட் டேஸ் நைட்' என்று பெயர். உலகத்தையே ஆட்டிவைத்த 'பீட்டில்ஸ்' குழுவினர் 1964-ல் நடித்த படத்தின் பெயர் அது. 1884-ல் கட்டிய பழைய கட்டடத்தைப் புதுப்பித்து, 2008-ல் ஹோட்டலாகத் திறந்தார்கள்.

மகளோடு ஒரு ராத்திரி அங்கே தங்கினேன். வாசலில் நின்று அண்ணாந்து பார்த்தால், நாலு பேரும் மேலே சிலையாக நிற்கிறார்கள். உள்ளே 110 அறைகள். அறைக்கு அறை அவர்கள் படம்தான். ஜான் லெனன் பெயரில் உள்ள பெரிய அறையில் வெள்ளைப் பியானோவே வைத்திருக்கிறார்கள். "அம்மாடி, நமக்குச் சின்ன அறையே போதும்" என்றேன்!

பக்கத்திலேயே மேத்யூ தெரு. அங்கே 'கேவர்ன்' என்ற நிலவறையில்தான் 1961 முதல் 1963 வரை முந்நூறு தடவைக்குக் கொஞ்சம் குறைவாக அவர்கள் பாடினார்கள். பழைய கூடம் 1973-ல் மூடப்பட்டு, 1984-ல் திரும்பக் கட்டப்பட்டது.

சுவரிலிருந்த படங்களைக் காட்டி மகள் கதை சொன்னாள். எனக்கென்னவோ, அந்தப் பிள்ளைகளைவிட அவர்களைப் பெற்றவர்கள்தான் கண்முன் நின்றார்கள்.

ஜானை வளர்த்தது பெரியம்மா மிமி. ஆனால் பாஞ்சோவில் கைபிடித்துப் பழக்கியது பெற்றவள் ஜூலியா. 1958-ல் கார் மோதி அவள் இறந்தபோது பையனுக்குப் பதினேழு வயசு. பால் மெக்கார்ட்னியின் அம்மா மேரி, ஊராருக்குப் பிரசவம் பார்த்த நர்ஸ். 1956-ல் மார்பகப் புற்றுநோய் அவளைக் கொண்டுபோய்விட்டது. வயசு நாற்பத்தேழுதான்! பல வருஷம் கழித்து அம்மா கனவில் வந்து ஆறுதல் சொன்னதை வைத்துத்தான் 'லெட் இட் பி' பாட்டையே எழுதினாராம் பால்.

ரிங்கோ ஸ்டார் ஆறு வயசில் குடல்வால் வெடித்து, பிழைத்ததே மறுபிறவி. பதின்மூன்று வயசில் காசநோய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதுதான் மேளம் தட்டக் கற்றுக்கொண்டார். அவரைக் காப்பாற்றி ஆளாக்கியவள், கூலி வேலை பார்த்த அம்மா எல்ஸி.

ஆகவே சகோதரிகளே, குழந்தை தட்டையும் டம்ளரையும் தட்டினால் உடனே பிடுங்காதீர்கள், கொஞ்சம் தட்டட்டும். ஊரார் உடம்பைப் பார்த்த மேரியை நினைத்து, உங்கள் உடம்பையும் கவனியுங்கள். மார்பில் சின்னக் கட்டி தட்டுப்பட்டாலும், 'அப்புறம் பார்த்துக்கலாம்' என்று விடாமல் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். பிள்ளையின் பாட்டைக் கேட்க நாமும் இருக்க வேண்டாமா?