காரணம் கூறாத மறுப்பு

மட்டக்களப்பு வாவிக்கு இரு கரைகள். ஞாயிறு எழும் பக்கம் எழுவான்கரை. படும் பக்கம் படுவான்கரை. மண்முனைத்துறையில் 2014 ஆம் ஆண்டு பாலம் திறக்கப்படும் வரை, அம்மம்மாவின் ஊராகிய கொக்கட்டிச்சோலைக்குச் செல்ல நாம் படகுப்பாதைக்காகக் காத்து நிற்போம். மாரியிற் சில நாள் பாதை ஓடாது. அந்நாளில், "காத்துக் கடுமை, பின்னேரம் வாங்க" என்றோ, "இண்டைக்கு ஓடாது, வலையிறவால சுத்திப் போங்க" என்றோ அதனைச் செலுத்துபவர் கூறிவிடுவார். மறுக்கப்பட்டும் நாம் வழி தெரியாது நின்றதில்லை.

சென்ற ஆண்டு பயிற்சி இடமொன்றுக்கு, ஊர் வாசிகசாலையின் மின்னஞ்சல் முகவரியிலிருந்து விண்ணப்பித்தேன். மடல் நொடிப்பொழுதில் திரும்பி வந்தது. '550 5.7.1' என்ற எண்களும், அனுமதியில்லை எனப் பொருள்படும் இரண்டு ஆங்கிலச் சொற்களுமே அதனுடன் வந்த விளக்கம். என் பிழை யாதென அறியாது, விண்ணப்பத்தையே மும்முறை திருத்தி அனுப்பினேன். உண்மை பின்னரே தெரிந்தது. எமது மடலை ஏற்றிச் செல்லும் சேவையகத்தின் இணைய எண்ணைப் பலர் பகிர்ந்திருந்தனர். அவருள் எவரோ குப்பை மடல்களை அனுப்பியதால், அவ்வெண் தடைப்பட்டியலொன்றில் ஏறியிருந்தது. இதனை அறிவதற்குள் இறுதி நாள் கடந்துவிட்டது.

மடற் பரிமாற்ற நெறியை 1982 இல் ஜோன் போஸ்டல் வகுத்தபோதே, சேவையகம் கூறும் விடைக்கு இரு பகுதிகள் வைத்தார். மூன்றிலக்க எண் பொறிக்குரியது. அதனைத் தொடரும் வாசகம் மனிதருக்குரியது. எண் நான்கில் தொடங்கின் 'பிறகு வா' என்பது பொருள். ஐந்தில் தொடங்கின் 'இவ்வாறே மீண்டும் வராதே' என்பது பொருள். பாதை செலுத்துபவரின் இரு விடைகளும் அங்கே உள்ளன எனலாம். 'சுத்திப் போங்க' என்னும் சொல்லுக்கும் இடமுண்டு. அவ்விடத்தை வெறுமையாய் விடுவோரிடமே குறை உள்ளது.

காரணம் கூறினால் குப்பை அனுப்புவோர் தப்பும் வழியைக் கற்பர் என்பது ஒரு வாதம். அதில் உண்மை உண்டு. ஆயின் வடிகட்டியின் இரகசியத்தை நாம் கேட்கவில்லை. தடுக்கப்பட்ட எண் யாது, எப்பட்டியலில் உள்ளது, எவரிடம் முறையிடலாம் என்பவற்றையே கேட்கிறோம். பல்லாயிரம் மடல்களை ஏவுவோர் திரும்பி வருவனவற்றைப் படிப்பதில்லை, குற்றமற்றவரே படிக்கின்றனர். ஒவ்வொரு சேவையகமும் 'போஸ்ட்மாஸ்டர்' என்னும் முகவரியைக் கொண்டிருத்தல் வேண்டும் என்கிறது நெறி. நான் அங்கு எழுதிய முறையீடும் அதே எண்களுடன் திரும்பிற்று! ஆதலின் முறையிடும் வழி, தடுக்கப்பட்ட வழிக்குப் புறம்பானதாய் இருத்தல் வேண்டும்.

கலைப்பீட மாணவருக்கு இதில் என்ன வேலை என நண்பர்கள் வினவலாம். சேவையகம் அமைப்பது எமது பணியன்று. அதன் வாசகத்தைத் தெளிவுறத் தமிழில் எழுதுவது எம்மால் இயலும். "உங்கள் மடலில் குறையில்லை. அதனை அனுப்பிய சேவையகத்தின் எண் தடைப்பட்டியலில் உள்ளது. அதன் பராமரிப்பாளருக்கு அறிவியுங்கள். அவசரமாயின் இத்தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள்." இந்நான்கு வாக்கியங்கள் அன்று வந்திருப்பின், என் விண்ணப்பம் வேறு வழியால் உரிய நாளிற் சென்றடைந்திருக்கும்.