ஓய்வுக்குப் பின் ஓடாத எஞ்சின்

கோடையில் பழவேற்காட்டு முகத்துவாரம் மணலால் தூர்ந்துபோகும் காலங்களில், எம் ஊரார் ஃபைபர் படகுகளைக் கரையேற்றி வைப்பர். வழி திறந்து கடலுக்குப் புறப்படும் நாளில்தான் எஞ்சின் பிணங்கும். கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றித் தோள் சோரும், புகைகூட எழாது. அன்றைய மீன்பாடு தவறினால் பங்காளிகள் அனைவரின் வீட்டிலும் வருவாய் இல்லை.

உடனே எஞ்சினைப் பிரிக்க முனைவோரை யாம் கண்டதுண்டு. அனுபவமுள்ள பெரியவர்களோ முதலில் எண்ணெய்த் தொட்டியையே நோக்குவர். டீசல் எஞ்சினில் தீப்பொறி இல்லை. உருளைக்குள் அழுத்தப்பட்டுச் சூடேறிய காற்றில் எண்ணெய் தெளிக்கப்பட்டு எரிகிறது. 1897-இல் ருடால்ஃப் டீசல் வெற்றியுடன் இயக்கிக் காட்டிய முறை இதுவே. பாதி காலியான தொட்டியில் ஈரக்காற்று இரவில் குளிர்ந்து நீராகும். டீசலைவிடக் கனமான அந்நீர் அடியில் தங்கிக் குழாயில் புகும். ஆகவே தொட்டியின் அடியையும் ஃபில்டரையும் வடித்து, பம்பின் திருகைத் தளர்த்தி, குமிழியின்றி எண்ணெய் வரும்வரை ‘ஏர் எடுத்து’ச் சுழற்றினால் பெரும்பாலும் இயங்கிவிடும். இயங்காவிடில் மட்டுமே நாசிலைக் கழற்றுதல் வேண்டும்.

இவற்றைக் கரையிலேயே முடித்தல் நன்று. முகத்துவாரத்து அலைகளின் நடுவே எஞ்சின் நின்றால் உயிருக்கே இடர்.

இதற்கு எளிய காப்பு, படகைக் கரையேற்றும் அன்றே தொட்டியை நிரப்பி வைப்பது. வருவாய் நின்றுபோகும் வேளையில் அச்செலவு சுமையே. எனினும் நிரம்பிய தொட்டியில் ஈரக்காற்றுக்கு இடமில்லை. கருவியைப் பேணும் கடமை அது ஓய்வுறும் நாளிலேயே தொடங்குகிறது என ஏரிக்கரை எமக்குக் கற்பித்தது. நெடுவிடுமுறை காணும் மாணவர்தம் சிந்தனைக்கும் இதனை வைக்கிறோம்.