நாகஸ்வரத்துக்கு ஒரு சவுண்ட் கார்டு

ஸ்ரீரங்கத்துச் சித்திரை வீதிகளிலும் உத்தர வீதிகளிலும் உள்ள பழைய வீடுகளில், பரணிலோ மர அலமாரியின் அடித்தட்டிலோ, பிஸ்கட் டப்பாக்களுக்குள் அடுக்கி வைத்த கேஸட்டுகள் அநேகமாக இன்னும் அகப்படும். வானொலியில் வந்த இரவுக் கச்சேரிகளையும் உற்சவ காலங்களில் நடந்த நாகஸ்வர வாசிப்புகளையும், மடியில் டேப் ரெக்கார்டரை வைத்துக்கொண்டு, மூச்சு விடும் ஓசைகூடப் பதிவாகிவிடுமோ என்ற பயபக்தியுடன் பதிவு செய்து, உறையின் மேல் ராகத்தையும் தேதியையும் முத்து முத்தாக எழுதி வைத்த ஒரு தலைமுறையின் ஆஸ்தி அது. என் பெரியப்பா அந்தத் தலைமுறையைச் சேர்ந்தவர். அவர் விட்டுச் சென்ற கேஸட்டுகளை வீட்டுக் கம்ப்யூட்டரில் ஏற்றிப் பத்திரப்படுத்த வேண்டும் என்ற ஆசைதான், சவுண்ட் கார்டு என்னும் சாதனத்தைப் பற்றி என்னை ஆழ்ந்து சிந்திக்கச் செய்தது.

1939ஆம் ஆண்டு மே மாதம் 16ஆம் தேதி தொடங்கப்பெற்ற திருச்சி வானொலி நிலையம் காவேரிக் கரையெங்கும் சங்கீதத்தைக் கொண்டு சேர்த்த பெருமையை இந்தப் பக்கத்து வாசகர்களுக்கு நான் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆந்திர தேசத்துக் கரவதியில் 1924இல் பிறந்து, நாச்சியார்கோவில் வித்வான்களிடம் தஞ்சாவூர்ப் பாணியைப் பயின்று, அரங்கன் மீது கொண்ட ஈடுபாட்டால் ஸ்ரீரங்கத்திலேயே குடியேறி, சென்னை மியூசிக் அகாடமியின் 1998ஆம் ஆண்டுக்குரிய சங்கீத கலாநிதி விருதைப் பெற்று, மறு ஆண்டே மறைந்த ஷேக் சின்ன மௌலானா சாஹிப்பின் வாசிப்பு, பெரியப்பாவின் கேஸட்டுகளில் சிலவற்றில் இருக்கிறது. அவருடைய இசைத்தட்டுகள் கடையில் கிடைக்கலாம். ஆனால் அந்தக் குறிப்பிட்ட மாலையில், அந்தக் குறிப்பிட்ட மனோநிலையில், அவர் விஸ்தாரமாக வாசித்த தோடி வேறெங்கும் கிடைக்காது. இந்த ஒரே காரணத்தால், எந்தக் கார்டை வாங்குவது என்ற கேள்வி எனக்கு வெறும் சாமான் வாங்கும் விஷயமாகத் தோன்றவில்லை.

ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் ஏறி, காவேரிப் பாலத்தைக் கடந்து, சத்திரம் பேருந்து நிலையத்தில் இறங்கினால், மலைக்கோட்டையின் அடிவாரத்தில் நமக்கு வேண்டிய எந்தப் பொருளும் நடந்து போகும் தூரத்தில் கிடைக்கும் என்பது ஸ்ரீரங்கவாசிகளின் நெடுநாள் நம்பிக்கை. கம்ப்யூட்டர் சாமான்களுக்கும் நான் அந்தப் பக்கமே போனேன். கடையிலிருந்த இளைஞர் என் கோரிக்கையைக் கேட்டதும், “போர்டுலயே சவுண்டு வருதே சார், தனியா கார்டு எதுக்கு? அந்தக் காசுக்கு நல்ல ஸ்பீக்கரா வாங்கிப் போடுங்க” என்றார். லாபம் வரக்கூடிய வியாபாரத்தைத் தாமே தடுத்துச் சொன்ன அந்த நேர்மையை நான் மிகவும் மதித்தேன். பாட்டுக் கேட்பதும் சினிமாப் பார்ப்பதுமே நோக்கமாக இருப்பவர்களுக்கு அவர் சொன்னதைவிடச் சிறந்த ஆலோசனை இல்லை என்பதே என் அபிப்பிராயமும்.

ஆதியில் இந்த நிலைமை இல்லை. 1981இல் வந்த ஐ.பி.எம். கம்ப்யூட்டர் ‘பீப்’ என்று கத்துவதற்கு மேல் ஒன்றும் அறியாது. 1987இல் ஆட்லிப் என்ற கனடா நாட்டுக் கார்டு அதற்குச் சங்கீதம் கற்பித்தது. 1989இல் சிங்கப்பூரின் கிரியேட்டிவ் நிறுவனம், சிம் வோங் ஹூ என்பவருடைய தலைமையில், சவுண்ட் பிளாஸ்டரை வெளியிட்டது. 1992இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் 16, இசைத்தகட்டின் தரத்தில் ஒலியைப் பதியவும் ஒலிக்கவும் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு வழி திறந்தது. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் ஊரிலிருந்து, திருச்சிக்காரர்கள் பிழைப்புக்காகப் போய்வரும் ஊரிலிருந்து, உலகத்துக் கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் குரல் போயிற்று என்பதை நினைக்கும்போது எனக்குச் சொந்தக்காரன் கெட்டிக்காரனானது போன்ற ஒரு சந்தோஷம் உண்டாகிறது. பிற்பாடு, 1997இலும் 2004இலும் இன்டெல் வகுத்த முறைகளைப் பின்பற்றி மதர்போர்டிலேயே ஒலிக்கான சில்லைப் பதித்துவிடும் வழக்கம் பரவியது. தனிக் கார்டின் அவசியமும் பெரும்பாலோருக்கு நீங்கிற்று.

எனவே, தனியாக ஒன்று வேண்டும் என்பவன் காரணம் சொல்லக் கடமைப்பட்டவன். என் காரணம், கம்ப்யூட்டரிலிருந்து வெளியே வரும் ஒலியைப் பற்றியதன்று. உள்ளே போகும் ஒலியைப் பற்றியது. கடையில் கார்டுகளின் பெட்டிகள் எல்லாம் வெளியேறும் ஒலியின் சிறப்பையே பெரிய எழுத்தில் பேசுகின்றன. 192 கிலோஹெர்ட்ஸ், 7.1 சேனல் என்ற எண்கள் கண்ணைப் பறிக்கின்றன. கேஸட்டின் சுபாவத்தை அறிந்தவன் இவற்றைக் கண்டு மயங்க வேண்டிய அவசியமே இல்லை. வீட்டில் பதிவான கேஸட்டில் சுமார் 15 கிலோஹெர்ட்ஸுக்கு மேல் சங்கீதம் என்று சொல்லத்தக்கது அநேகமாக எதுவும் தங்குவதில்லை. மத்திய அலை வானொலியிலிருந்து பதிந்ததாக இருந்தால் அதில் பாதிகூட இராது. விநாடிக்கு 44,100 மாதிரிகள் எடுக்கும் சாதாரண முறையே 22 கிலோஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலியைப் பிடித்துவிடும் என்னும்போது, 192 என்ற எண்ணுக்காகக் கொடுக்கும் பணம் நாடாவின் இரைச்சலைத் துல்லியமாகச் சேமிப்பதற்கே பிரயோஜனப்படும்.

ஆனால் 24 பிட் என்பதற்கு மட்டும் பணம் கொடுக்கத்தான் வேண்டும். கேஸட்டின் மெல்லொலிக்கும் பேரொலிக்கும் உள்ள வித்தியாசம் 16 பிட்டின் 96 டெசிபலுக்குள் தாராளமாக அடங்கிவிடும் என்பது உண்மைதான். இருந்தாலும், சீவாளியின் அடியிலிருந்து மெலிதாகக் கிளம்பும் ஆலாபனையில் அளவை நிர்ணயித்து வைத்துக்கொண்டு பதிவைத் தொடங்குகிறோம். சிறிது நேரத்துக்கெல்லாம் தவில் தனியாவர்த்தனம் வந்துவிடுகிறது. ஒவ்வொரு அடியும் கண்ணிமைக்கும் நேரத்துக்குள் உச்சத்தைத் தொட்டு இறங்குகிறது. நாடா அத்தகைய அடியைச் சற்று அமுக்கித் தாங்கிக்கொள்ளும். எண்களில் பதியும் கருவியோ உச்சவரம்புக்கு மேல் உள்ளதைச் சீவி எறிந்துவிடும், அதை மீட்க எந்த உபாயமும் கிடையாது. 24 பிட் இருந்தால், அளவை மிகவும் தாழ்த்தி, உச்சத்துக்குப் பன்னிரண்டு டெசிபல் கீழே நிறுத்திப் பதிந்தாலும் நுட்பம் கெடுவதில்லை. 48 கிலோஹெர்ட்ஸில் 24 பிட்டாகப் பதிந்தால் ஒரு மணி நேரக் கச்சேரி ஏறக்குறைய 1 ஜிகாபைட் பிடிக்கும். இன்றைய ஹார்ட் டிஸ்க்குகளின் விலையில் அது ஒரு செலவே இல்லை.

அடுத்தது, ஒயரை எதில் சொருகுவது என்பது. மதர்போர்டின் பின்புறத்தில் இளஞ்சிவப்பு வளையமிட்ட துளை மைக்குக்கும், நீல வளையமிட்டது, டேப் ரெக்கார்டர் போன்ற கருவிகளின் ஒலியை வாங்கும் லைன்-இன்னுக்கும் உரியவை. மைக் துளை மிகச் சன்னமான சமிக்ஞையைப் பல மடங்கு பெருக்குவதற்காக ஏற்பட்டது. அதில் டேப் ரெக்கார்டரைச் சொருகினால் நாகஸ்வரம் கரகரவென்று சிதைந்து போகும். மடிக்கணினிகள் பலவற்றில் நீலத் துளையே கிடையாது. கம்ப்யூட்டர்ப் பெட்டியின் உள்ளேயோ, மின்விசிறிகளும் மின்வழங்கியும் ஓயாமல் கிளப்பும் மின் இரைச்சல் சன்னமான சமிக்ஞையில் கலந்துவிடுகிறது. மௌஸை நகர்த்தும்போது ஹெட்ஃபோனில் சிள்ளென்ற ஓசை கேட்பவர்கள் இதை அனுபவத்தில் அறிவார்கள். பழைய பி.சி.ஐ. கார்டு ஒன்றை மலிவாக வாங்கிப் போடலாம் என்றால், புதிய மதர்போர்டுகளில் அதற்கு இடமும் இல்லை, புதிய விண்டோஸுக்கு ஏற்ற டிரைவரும் அநேகமாகக் கிடைப்பதில்லை. இத்தனையையும் சீர்தூக்கிப் பார்த்து, யூ.எஸ்.பி. ஒயரில் வெளியே மாட்டும், ஸ்டீரியோ லைன்-இன் உடைய, 24 பிட் கருவி ஒன்றையே நான் தேர்ந்தெடுத்தேன். விலை அதிகமில்லை, பெட்டியில் பெரிய எண்களும் இல்லை.

எந்தக் கார்டாலும் செய்ய முடியாத காரியம் ஒன்று உண்டு. டேப் ரெக்கார்டரில் அழுக்குப் படிந்த ஹெட் தரும் மங்கல் ஒலியை அது தெளிவாக்காது; நாடாவைத் தொடும் கோணம் பிசகிய ஹெட்டில் தொலைந்துபோன மேல்ஸ்தாயியை அது திருப்பித் தராது. ஆகையால் கார்டுக்கு ஒதுக்கும் பணத்தில் பாதியையாவது, நல்ல டெக் ஒன்றைத் தேடிப் பிடித்து, அதைப் பழுதுபார்க்கத் தெரிந்த கைகளிடம் கொடுப்பதற்கு வைத்துக்கொள்ளுங்கள். அத்தகைய கைகள் வருஷத்துக்கு வருஷம் குறைந்து வருகின்றன. 90 நிமிஷக் கேஸட்டின் நாடா மிக மெல்லியது, நீண்டும் சிக்கியும் போகக்கூடியது. அதைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பரீட்சை பார்க்காமல், எல்லாவற்றையும் சித்தம் செய்துகொண்டு ஒரே ஓட்டத்தில் பதிந்துவிடுவது உத்தமம்.

உங்கள் வீட்டுப் பரணிலும் அப்படியொரு பிஸ்கட் டப்பா இருந்தால், அடுத்த விடுமுறைக்கு என்று தள்ளிப் போடாமல், இந்த வாரமே அதைக் கீழே இறக்குங்கள். உறையின் மேல் எழுதியிருப்பதை முதலில் ஒரு நோட்டில் பிரதி எடுத்துக்கொள்ளுங்கள். கருவி வாங்கும்போது லைன்-இன் இருக்கிறதா என்று கடைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வாங்குங்கள்.