லேண்ட்மாஸ்டர் பூட்டுகிறவர்கள்

கிழக்கு மாகாண வயற்புறங்களில் இருசில்லு உழவு இயந்திரத்தை எவரும் அப்பெயரால் அழைப்பதில்லை. எந்த நாட்டில் செய்யப்பட்டதாயினும் அது 'லேண்ட்மாஸ்டர்'தான். 1950களில் இலங்கைப் பொறியியலாளர் ரே விஜேவர்தன வடிவமைத்து, பிரித்தானியாவில் உற்பத்தியான இயந்திரத்தின் பெயர் அது. அந்த இயந்திரம் போய்விட்டது, பெயர் நிலைத்துவிட்டது.

மூதூரிலிருந்து தெற்கே சென்றால் தோப்பூர். வயல்கள் சூழ்ந்த ஊர். செய்தி சேகரிக்கச் சென்ற நாட்களில், அங்குள்ள கராஜ் ஒன்றில் நின்று பார்த்த தொழிலைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அவர்கள் அதைப் 'பூட்டுவேலை' என்பார்கள். கழற்றிக் கிடக்கும் உறுப்புகளை மீண்டும் ஒரு வாகனமாக்கும் வேலை.

ஒற்றைச் சிலிண்டர் டீசல் எஞ்சின், கியர்ப்பெட்டிக்கு விசையைக் கடத்தும் பெல்ட்டுகள், சேற்றுக்கு இரும்புச் சில்லு, தெருவுக்கு றப்பர்ச் சில்லு, பின்னால் கொழுவ ஒரு பெட்டி. பார்வைக்கு எளிய பொருள்தான். ஆயினும் சிலிண்டர் ஹெட்டின் நட்டுகளை ஒவ்வொன்றாக முழுதும் இறுக்கிக்கொண்டு போகலாகாது; எதிரெதிராக, படிப்படியாக இறுக்கவேண்டும். இல்லையேல் ஹெட் கோணும், காஸ்கட் ஊதும். பெல்ட்டை அதிகம் இறுக்கினால் பேரிங் தேயும், தளர்த்தினால் வழுக்கும். பெருவிரலால் அழுத்திப் பார்த்தே பதத்தைச் சொல்லிவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் பொறுப்பானது கைபிடியிலுள்ள இரு கிளட்சுகளின் கேபிள்களைச் சமப்படுத்துவது. சமதரையில் இடது கிளட்சைப் பிடித்தால் இடது சில்லுக்கு விசை அறுந்து, வண்டி இடப்புறம் திரும்பும். பாரம் ஏற்றிய பெட்டியோடு இறக்கத்தில் இறங்கும்போதோ எஞ்சின் வண்டியைப் பிடித்து நிறுத்துகிறது. அவ்வேளை இடது கிளட்சைப் பிடித்தால் அச்சில்லு தடையின்றி உருள, வண்டி வலப்புறம் பாயும். அறியாதவனுக்கு அது உயிராபத்து. அந்தக் கராஜில் முதிய மெக்கானிக் ஒருவர், வண்டியை எடுக்க வந்த இளைஞனிடம் சாவியைக் கொடுக்குமுன் சொன்னார்: "தம்பி, இறக்கத்துல கிளச்சத் தொட்டுராதீங்க. கைபிடியத் தள்ளித்தான் திருப்பணும்." பூட்டுவேலையின் கடைசித் திருகாணி அந்த வாக்கியமே என்று எனக்குத் தோன்றிற்று.

விஜேவர்தன பிற்காலத்தில் தமது இயந்திரத்தைத் தாமே விமர்சித்தார். எண்ணெயையும் உரத்தையும் நம்பிய உழவை விடுத்து, மண்ணைக் காக்கும் வேளாண்மையை வலியுறுத்தி, 2010இல் மறைந்தார். தம் படைப்பை மறுபரிசீலனை செய்யும் வாய்ப்பும் அதைக் கேட்கும் சபையும் அவருக்கு இருந்தன. பூட்டுகிறவருக்கோ பற்றுச்சீட்டிற்கூடப் பெயர் இராது.

இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. இதே கைகளோடு வளைகுடாவுக்கு வேலை தேடிச் செல்பவனிடம் முதலில் கேட்கப்படுவது சான்றிதழ். அது இல்லாதவன் தேர்ந்த தொழிலாளியாயினும் கூலியாளாகவே சேர்க்கப்படுகிறான். இலங்கையின் தேசிய தொழிற்தகைமை (என்.வி.கியூ.) முறையில், வகுப்பறைக்குச் செல்லாது வேலைத்தளத்திற் கற்றவரும் திறனைச் செய்துகாட்டிச் சான்றிதழ் பெற வழி உண்டு. 'முன்கற்றலை அங்கீகரித்தல்' என்று அதற்குப் பெயர்.

தோப்பூர் போன்ற ஊர்களில் வாசிகசாலைகளும் பள்ளிவாசல்களும் கோயில்களும் இச்செய்தியை ஒரு தடவை அறிவித்தாற்போதும். எண்ணெய்க் கையோடு நிற்கும் பல இளைஞர்களுக்கு அது பயன்படும். வாசிப்பவர்கள் தம் ஊர்க் கராஜ்களுக்கு இதை எடுத்துச் சொல்வார்களாயின் மகிழ்வேன்.